கீறல் மேஸ்திரியும் டிரைவரம்மாவின் இடது காலும்

அவரை ஊரில் கீறல் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். மரத்தரை போட்ட வீடுகளில் விழும் கீறல்களைச் சரிசெய்வது அவர் தொழில். இதெல்லாம் ஒரு தொழிலா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், தங்கள் வீட்டு பீரோவைத் தாங்களே ஒருமுறை நகர்த்திப் பார்க்கட்டும். நகர்த்திய கையோடு அவருடைய போன் நம்பரைத் தேடி அக்கம்பக்கத்தில் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

மேஸ்திரி ஒரு வீட்டுக்குள் நுழைவதே ஒரு கூத்து. ஷூவை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு, பையிலிருந்து தடித்த கம்பளி சாக்ஸை எடுத்து மாட்டிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் பதறியடித்துக்கொண்டு கீறலைக் காட்டுவார்கள். அதை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். "முதல்ல திரையை எல்லாம் இழுத்து விடுங்க," என்பார். அறை இருட்டானதும் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையோடு ஒட்டி, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடிப்பார். நின்றபடி பார்த்தால் கண்ணுக்கே படாத கோடுகளெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். அப்புறம் படுத்தபடியே குறி சொல்ல ஆரம்பிப்பார்.

"இந்த நாற்காலியில உக்கார்றவர் சாப்பிட்டு முடிச்சதும் அப்படியே பின்னாடி தள்ளிக்கிட்டு எந்திரிப்பார், இல்லையா? உங்க நாய் காலிங் பெல் அடிச்சா ஓடி வரும். இந்த மூலையில திரும்பும்போது அதுக்குக் கால் நிக்காது. இங்க யாரோ ஷூ போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே பந்து விளையாடியிருக்காங்க."

கடைசி வரியைக் கேட்டதும் வீட்டுக்காரர் மூடிய திரைச்சீலையை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பிப்பார். வீட்டுக்காரம்மா அவரையே பார்ப்பார். மேஸ்திரி எதையும் கவனிக்காதவர் மாதிரி பையைத் திறப்பார்.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவரிடம் பேச்சு நின்றுவிடும். மேல்பூச்சில் மட்டும் விழுந்த மயிரிழைக் கீறல் என்றால், இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, வழவழப்பான உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் போக்கிலேயே மெல்லத் தேய்த்து, மெழுகு பூசித் துணியால் துலக்கிவிடுவார். ரேகைக்குக் குறுக்கே மட்டும் கை போகவே கூடாது. போனால் ஒரு கீறலை எடுக்கப் போய் ஊர்ப்பட்ட கீறலைப் போட்ட கதையாகிவிடும். மரம் வரைக்கும் இறங்கிவிட்ட கீறலுக்கு நிறம் சேர்த்த மெழுகுக் குச்சி. ஒரே பலகையில்கூட நிறம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இரண்டு மூன்று குச்சிகளை உருக்கிக் கலந்து, கீறலுக்குள் அழுத்தி, மிச்சத்தை வழித்தெடுப்பார். கனமான பொருள் விழுந்து பள்ளமாகிவிட்டது என்றால், அந்த இடத்தில் ஈரத்துணியைப் போட்டு அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்து வைத்து எடுப்பார். ஆவி பட்டதும் நசுங்கிய மரம் உப்பிக்கொண்டு மேலே வரும். அதைப் பார்க்க மட்டும் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் கூடிவிடுவார்கள்.

கிளம்பும்போது ஒரு உபதேசம் உண்டு. "நாற்காலி கீறல் போடாதுங்க. அதுக்கு அடியில மாட்டிக்கிற மண்ணுதான் போடும். வாசலுக்கு வெளிய ஒரு மிதியடி, உள்ள ஒரு மிதியடி. ஷூ உள்ள வரக்கூடாது. மேஜை நாற்காலி காலுக்கெல்லாம் கம்பளி வில்லை ஒட்டுங்க. ஒட்டினா மட்டும் போதாது, சீக்கிரமே மண்ணு ஏறி தட்டையாயிடும், அப்ப மாத்தணும். எதையும் இழுக்காதீங்க, தூக்குங்க." எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். அவர் தெருமுனை திரும்புவதற்குள் மறந்துவிடுவார்கள். அப்படி மறப்பதால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அந்த உபதேசத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த வீடு ஊரிலேயே ஒன்றுதான். அது அவருடைய வீடு. வினையும் அங்கேதான் வந்து சேர்ந்தது.

இளவயதில் மேஸ்திரி, வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவராக இருந்தவர். ஒருநாள் அவசரத்தில் ஒரு ஃபிரிட்ஜைத் தூக்காமல் இழுத்துவிட்டார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு. அந்த வீட்டம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவரோ ஒன்றும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்து அந்தக் கோட்டைக் கையால் தடவிப் பார்த்தார். மேஸ்திரிக்கு அது தாங்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு ஷூ பாலிஷ், மெழுகுவர்த்தி, பிள்ளைகள் வரையும் கிரேயான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் அந்த வாசலில் நின்றார். முதலில் இன்னும் கொஞ்சம் கெடுத்தார். அப்புறம் கை பழகியது. நாளடைவில் கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இதையே பிடித்துக்கொண்டார்.

தொழிலுக்குப் புதிதாக இருந்தபோது ஒருநாள் பாலிஷ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனார். ஒரு திருப்பத்தில் மூடி திறந்துகொண்டு, டப்பா முழுவதும் பஸ்ஸின் நடுவழியில் கொட்டிவிட்டது. பஸ்ஸை ஓட்டியது ஒரு பெண். குரல் கணீரென்று இருக்கும். கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, "நீங்க மட்டும் இறங்காதீங்க. துடைச்சுட்டு இறங்குங்க," என்றார்.

மேஸ்திரி துடைத்தார். துடைத்ததோடு விட்டிருந்தால் அவர் மேஸ்திரியே இல்லை. முகம் தெரிகிற அளவுக்குத் துலக்கி வைத்துவிட்டு, பெருமையாக இறங்கிப் போனார். மறுநாள் அதே பஸ் அவருக்கு முன்னால் வந்து நின்றது.

"என்ன மேஸ்திரி, என் வண்டியில சறுக்கு மரம் கட்டிட்டுப் போயிட்டீங்க? நேத்து நான் பிரேக் போட்டதும் ஒரு பெரியவர் கடைசி சீட்டு பக்கத்துல இருந்து நேரா என்கிட்ட வந்துட்டார். நடுவுல ஒரு அடிகூட எடுத்து வைக்கல."

அந்த வாய்க்கே மேஸ்திரி விழுந்துவிட்டார். கல்யாணம் ஆனது. அவர் அந்தம்மாவை டிரைவரம்மா என்று கூப்பிட்டார், அந்தம்மா அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டார். ஊரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. சொந்தப் பெயர்கள் இரண்டும் ரேஷன் சாமான் மாதிரி எப்போதாவது அரசாங்கக் காரியத்துக்கு மட்டும் வெளியே வந்தன.

இரண்டாவது மாடியில் பழைய வீடு ஒன்றை வாங்கினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் நல்ல மரத்தரையின் மேல் பசையைத் தடவிக் கம்பளம் ஒட்டி வைத்திருந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க மேஸ்திரி முட்டி போட்டு, பலகை பலகையாகப் பசையைச் சுரண்டி, இழைத்து, மெழுகேற்றினார். படுக்கையறையிலிருந்து சமையலறை வரை நீளமாக ஒரு நடைவழி. காலையில் சமையலறை ஜன்னல் வழியே வரும் வெயில் அந்தத் தரையில் விழுந்தால் தேன் கொட்டினது மாதிரி இருக்கும். அவர் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அவருடைய முட்டிகள் காய்த்துப்போனதும் அங்கேதான் தொடங்கியது. பிற்பாடு உட்கார்ந்தபடியே நகர்வதற்கென்று, கோடு போடாத மெத்தென்ற ரப்பர் சக்கரம் வைத்த குட்டை ஸ்டூல் ஒன்றைத் தானே செய்துகொண்டார். பிறகு இன்னொன்று செய்ததும் புதியது வேலைக்கு, பழையது வீட்டில்.

வீட்டுச் சட்டம் கடுமையானது. நாற்காலி, மேஜை, பூந்தொட்டி எல்லாவற்றுக்கும் கம்பளி வில்லை. விருந்தாளியின் கைத்தடிகூடத் தப்ப முடியாது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் தன் சிநேகிதிகளிடம் சொல்வாள்: "எங்க வீட்டுல எனக்கு சாக்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி நாற்காலிக்கு வாங்கினாங்க."

டிரைவரம்மாவுக்கு டிப்போவில் கொடுக்கும் ஷூ கனத்தது. அடியில் பள்ளம் பள்ளமாக இருக்கும், பள்ளத்தில் எல்லாம் ரோட்டு மண் உட்கார்ந்திருக்கும். அதனால் விடியற்காலைக் குளிரிலும் அந்தம்மா ஷூவை வாசலுக்கு வெளியே, மிதியடிக்குப் பக்கத்தில் நின்று ஒற்றைக்காலில் தத்தித் தத்தித்தான் மாட்டிக்கொள்வார். வீட்டுக்குள் அந்த ஷூ ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. "ஊருக்கே நான் வழி விடச் சொல்றேன், எனக்கு என் வீட்டுல வழி இல்ல," என்று வாய் ஓயாமல் சொல்வார். ஆனால் வெளியாள் யாராவது வந்து அந்தத் தரையைப் புகழ்ந்துவிட்டால் போதும், "எங்க வீட்டுக்காரர் முட்டி தேய இழைச்சது," என்று முதலில் ஆரம்பிப்பதும் அந்தம்மாதான்.

கிளட்சை மிதித்து மிதித்து டிரைவரம்மாவின் இடது முட்டி தேய்ந்துபோனது. கடைசியில் ஆபரேஷன் செய்து புது முட்டி வைத்தார்கள். டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: நன்றாக நடந்து, முட்டி மடங்கி, இடது காலால் கிளட்சை அடி வரைக்கும் அழுத்திப் பிடித்துக் காட்டினால் பஸ் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி டிரைவரம்மா மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி இல்லாம நான் என்னங்க பண்ணுவேன்? வீட்டுல உக்காந்து உங்க தரையையே பாத்துக்கிட்டு இருக்கவா?"

"நடந்தா எல்லாம் சரியாயிடும். நடக்க வைக்கறது என் பொறுப்பு," என்றார் மேஸ்திரி. மனசாரத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாக்கர் கொடுத்தார்கள். நாலு கால், நாலுக்கும் அடியில் கறுப்பு ரப்பர் குமிழ். வீட்டு வாசலில் டிரைவரம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேஸ்திரியின் வாய் "வா, மெதுவா வா," என்றது. கண் மட்டும் அந்த நாலு குமிழுக்குப் போனது. கறுப்பு ரப்பர் மெழுகுத் தரையில் கறை போடும். அதில் ஒரு மணல் துணுக்கு ஒட்டிக்கொண்டால் இழுத்த இடமெல்லாம் கோடு விழும். இதில் அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பல்வைத்தியர் எதிரே யார் சிரித்தாலும் பல்லைத்தான் பார்ப்பார்.

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார். டிரைவரம்மாவின் பழைய யூனிஃபார்ம் கோட்டு ஒன்று அலமாரியில் இருந்தது, கருநீலக் கம்பளி. அதைத் துவைத்து உலர்த்தி, வட்டமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, தடித்த ஊசியால் விரலில் குத்திக் குத்தித் தைத்து, நாலு குமிழுக்கும் அளவெடுத்த மாதிரி ஒட்டினார். ஒட்டிவிட்டு வாக்கரைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி முன்னால் நிறுத்தினார்.

"பாத்தியா? உன் யூனிஃபார்ம் மேலயே நீ நடக்கப் போற."

டிரைவரம்மா வாக்கரைப் பார்த்தார். அவருடைய முகத்தையும் பார்த்தார். "நல்லா இருக்கு மேஸ்திரி. வண்டிக்குப் புது டயர்," என்றார்.

பகலெல்லாம் மேஸ்திரிக்கு வேலை. சாயங்காலம் அவர் திரும்பும்போது டிரைவரம்மா சமையலறை மேஜைக்கு முன்னால் டீயோடு உட்கார்ந்திருப்பார்.

"நடந்தாச்சா?"

"ஆச்சு ஆச்சு. போக வர, போக வர. டவுன் பஸ் தோத்துப்போச்சு. இனிமே நாளைக்குத்தான்."

மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்துவிடும். தரையை ஒரு நோட்டம் விடுவார். ஒரு கோடு இல்லை. பெண்டாட்டியும் நடக்கிறாள், தரையும் பிழைத்தது என்று டீயை ரசித்துக் குடிப்பார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி பெண் அவ்வளவு சுலபத்தில் ஏமாறுகிறவள் இல்லை. டிரைவரம்மாவின் இடது தொடையை அழுத்திப் பார்த்தாள். முட்டியை மடக்கப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"வீட்டுல நடக்கறீங்களாம்மா?"

"நடக்கறேனே."

"நல்லா நடக்கறாங்க டாக்டர். நான் சாட்சி," என்று மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"நடக்கற கால் இப்படி இருக்காதுங்க. தொடையில சதை ஏறவே இல்ல. முட்டி இப்பவே இறுக ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போச்சுன்னா மயக்கம் குடுத்துதான் மடக்கணும். அப்புறம் கிளட்சை எல்லாம் மறந்துட வேண்டியதுதான்."

டாக்ஸியில் திரும்பினார்கள். வழக்கமாக டிரைவரம்மாவுக்கு வேறொருவர் ஓட்டுகிற வண்டியில் வாய் சும்மா இருக்காது. கியர் மாத்துப்பா, இண்டிகேட்டர் போடுப்பா, அந்தப் பக்கம் ஏன் ஒடிக்கிறே என்று ஓட்டுகிறவர் உயிரை எடுத்துவிடுவார். அன்றைக்கு டாக்ஸிக்காரர் சிக்னலில் தப்புத் தப்பாகத் திரும்பினார். டிரைவரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. காலை மாத்திரை போட்டுக்கொண்டு டிரைவரம்மா கண்ணயர்ந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாத மேஸ்திரி, தனக்குத் தெரிந்ததைச் செய்யலாம் என்று வாக்கரை எடுத்தார். இத்தனை நாள் நடந்ததில் வில்லைகளில் மண் ஏறித் தட்டையாகியிருக்கும், அதனால்தான் தள்ளக் கஷ்டமாக இருக்கிறதோ என்னவோ, புதிதாக மாற்றிவிடலாம் என்று கவிழ்த்துப் பார்த்தார்.

கம்பளி அன்றைக்கு ஒட்டின மாதிரியே புசுபுசுவென்று நின்றது. ஒரு மண் துணுக்கு இல்லை. ஒரு இழை நசுங்கவில்லை.

வாக்கரை நிமிர்த்தி வைத்தார். அப்புறம் நடைவழிக்குப் போனார். திரைகளை இழுத்து விட்டார், கதவுகளைச் சாத்தினார், டார்ச்சை எடுத்துக்கொண்டு தன் வீட்டுத் தரையில் தானே குப்புறப் படுத்தார்.

வாக்கரின் தடம் எங்கேயும் இல்லை. நடைவழியின் நடுவே, படுக்கையறையிலிருந்து சமையலறை வரை, மெழுகின் மேல் மெல்லிசாகச் சக்கரத் தடங்கள் போய் வந்துகொண்டிருந்தன. அந்தச் சக்கரம் அவர் கையால் செய்தது. ஒரு கோடு போடாமல் ஓடியிருந்தது. தடத்தின் ஒரு பக்கமாகச் சீரான இடைவெளியில் பாதம் ஊன்றித் தள்ளிய அழுக்கு. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் வலது பாதம். இடது பாதத்தைத் தேடி மேஸ்திரி வயிற்றால் ஊர்ந்துகொண்டே சமையலறை வரைக்கும் போனார். ஒன்றுகூட இல்லை.

பின்னால் கதவு திறந்தது. டிரைவரம்மா குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலால் உந்தியபடி, இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு சொகுசாக உருண்டு வந்தார். தரையில் கிடந்த புருஷனைக் கண்டதும் வண்டி நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் முழிக்கிற முழிதான், ஆனால் வாய் விடவில்லை.

"என்ன மேஸ்திரி, நம்ம வீட்டுக்கே குறி பாக்கறீங்களா?"

மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. "இடது கால் எங்க?" என்றார்.

"இதோ, உடம்போட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"தரையில காணோமே."

டிரைவரம்மாவின் சிரிப்பு அடங்கியது.

"அந்தக் கம்பளி போட்டதுல இருந்து வண்டி நிக்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் சாய்ஞ்சா முன்னாடி ஓடுது. மொத நாளே இதோ இந்த இடத்துல விழப் பாத்தேன். எப்படியோ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் காலை ஊனவே பயமாயிடுச்சு."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? என் கோட்டை வெட்டி, விரலெல்லாம் குத்திக்கிட்டு தைச்சு எடுத்துட்டு வந்து நிறுத்துறீங்க. உங்க மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பாத்துட்டு, இது வழுக்குது எடுத்துப் போடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"நான் போனதும் பிச்சு எறிஞ்சிருக்கலாமே."

"எறிஞ்சா ரப்பர் தரையில கோடு போடுமே. சாயங்காலம் வந்ததும் நீங்க மொதல்ல தரையைத்தானே பாக்கறீங்க? அப்புறம்தானே என்னைப் பாக்கறீங்க?"

குரலில் கோபமே இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார். மேஸ்திரிக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் அந்தம்மா குளிரில் வெளியே நின்று ஒற்றைக்காலில் தத்தியதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கண்முன்னால் வந்தது. நல்ல வேளையாக இருட்டு. அவர் அழுததை டிரைவரம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அப்புறம் எழுந்தார். சுரண்டும் தகட்டை எடுத்து வந்து, தான் தைத்து ஒட்டிய கருநீல வில்லைகள் நாலையும் பெயர்த்துப் போட்டார். ரப்பரைத் துடைத்து, வாக்கரைத் தரையில் ஊன்றி, தன் பாரத்தையெல்லாம் போட்டுச் சாய்ந்து பார்த்தார். மெழுகின் மேல் அதுவும் லேசாக நழுவியது. தலையை ஆட்டிக்கொண்டார். பையிலிருந்து மெழுகைக் கரைக்கிற ஸ்பிரிட்டும் துணியும் வந்தன. பின்னாலேயே உப்புத்தாள் வந்தது. வழவழப்பான தாள் இல்லை, இருப்பதிலேயே முரட்டுத் தாள்.

படுக்கையறை வாசலில் முட்டி போட்டார். மெழுகைத் துடைத்து எடுத்தார். தாளைப் பலகையின் மேல் வைத்தபோது கை ஒரு கணம் ஓடவில்லை. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, ரேகைக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தார். இந்தச் சத்தத்தைக் கேட்டால் ஊரில் யார் வீட்டிலும் அவர் துள்ளி எழுந்துவிடுவார்.

துள்ளியது டிரைவரம்மாதான். "ஐயையோ, குறுக்கால தேய்க்கறீங்க!"

"தெரியும்."

"தரை போயிடும்ங்க!"

"போகட்டும். குறுக்கால தேய்ச்சாதான் ரப்பர் பிடிக்கும்."

படுக்கையறையிலிருந்து சமையலறை வரை, வாக்கர் போகிற அகலத்துக்கு, முட்டி போட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்து தேய்த்தார். தேன் நிறம் போய் வெளுத்த மரம் தெரிந்தது. டிரைவரம்மா ஸ்டூலை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார். பாதி வழியில் அவர் தோளில் கையை வைத்தார். முடித்ததும் தூசியைப் பெருக்கி ஒற்றி எடுத்துவிட்டு, மேஸ்திரி வாக்கரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இப்ப நட."

டிரைவரம்மா எழுந்து நின்றார். வாக்கரை முன்னால் வைத்தார், சாய்ந்தார். அது நின்றது. இடது காலை எடுத்தார், யோசித்தார், வைத்தார். வலி முகத்தில் தெரிந்தது, பயம் தெரியவில்லை. கரக் என்று ரப்பர் மரத்தில் உரசியது. அடுத்த அடி, மறுபடியும் கரக். பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு ஒட்டி ஒட்டி வந்த மேஸ்திரியைப் பார்த்து அந்தப் பழைய கணீர்க் குரல் எழுந்தது.

"யோவ் மேஸ்திரி, ஓரமா போங்க! வண்டி வருது!"

அப்புறம் அந்த வீட்டில் பகலெல்லாம் அந்தக் கரக் சத்தம்தான். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்தார். "ரோடு வேலை," என்று டிரைவரம்மா வாசலுக்கே நடந்து வந்து பதில் சொன்னார். வெளுத்த மரத்தில் ரப்பர்க் கறை விழுந்தது. மண் துணுக்குகள் நீள நீளமாகக் கோடு போட்டன. சமையலறை திருப்பத்தில் வாக்கர் இடித்து ஒரு பள்ளமே விழுந்தது. சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்குள் நுழைந்ததும் இப்போது டிரைவரம்மாவின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். தரையைப் பார்ப்பதும் நிற்கவில்லை, இவ்வளவு நாள் பழக்கம் எங்கே போகும். முதலில் இடது கால் இழுபட்ட தீற்றல். கொஞ்ச நாளில் தீற்றல் குட்டையானது. பிறகு ஒருநாள் வலது பாதத்துக்குப் பக்கத்தில் தெளிவாக ஒரு இடது பாதம். அதை அவர் நின்றுகொண்டே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் துடைக்க அவருக்கு மனசு வரவில்லை.

பிசியோதெரபி பெண் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "திடீர்னு என்னம்மா பண்ணீங்க?"

"எங்க வீட்டுக்காரர் ரோடு போட்டுக் குடுத்தார் டாக்டர்."

லீவில் வந்த மகள் நடைவழியைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். "அப்பா! யாருப்பா இப்படிப் பண்ணது?" என்றாள். "நான்தான்," என்றார் மேஸ்திரி. மகள் அவர் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். விஷயம் தெரிந்த பிறகு, அன்றைக்கு முழுவதும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் போனது. டிப்போவில் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். டிரைவரம்மா சீட்டில் ஏறி உட்கார்ந்து, இடது காலால் கிளட்சை அடி வரைக்கும் அழுத்தி, போதும் போதும் என்று அவர்கள் சொன்ன பிறகும் வீம்புக்குக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாராம். கீழே நின்ற மேஸ்திரி இன்றைக்கும் இதைச் சொல்லும்போது தன் இடது காலையும் அழுத்திக்கொள்வார்.

மறுபடியும் வேலைக்குப் போகிற முதல் நாள். பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. டிரைவரம்மா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி வெளியே போய், மிதியடிக்குப் பக்கத்தில் இருந்த கனத்த ஷூ இரண்டையும் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் வந்தார்.

"எங்க எடுத்துட்டு வர்றீங்க? குடுங்க, வெளிய போய் மாட்டிக்கறேன்."

"இங்கயே மாட்டிக்க."

"அடியில மண்ணு இருக்கும் மேஸ்திரி."

"இருக்கட்டும்."

முட்டி சடசடவென்று சொடுக்க, கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தார். டிரைவரம்மாவின் புது முட்டி இன்னும் குனிந்து முடிச்சுப் போடுகிற அளவுக்கு மடங்கவில்லை. இடது ஷூவை மாட்டி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். வலது ஷூவுக்கும் போட்டார். டிரைவரம்மா அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நடந்தார். கனத்த ஷூ மரத்தில் விழுகிற சத்தம் அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. மேஸ்திரி எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடைவழி முழுக்க இடது காலும் வலது காலும் ஒரே கனத்தில் விழுந்தன.

வாசலில் சத்தம் நின்றது. "வந்து பாக்கலையா, எத்தனை கோடுன்னு?"

"நீ கிளம்பு. பஸ் போயிடப் போகுது."

"நான் போனாத்தாங்க போகும்."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டு போனார். சமையலறை ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்து, வெளுத்துப் போன அந்த வழியின் மேல் விழுந்தது. மேஸ்திரி காலையில் இருவரும் டீ குடித்த டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். டார்ச் பைக்குள்ளேயே கிடந்தது.